தூக்கத் தெரிந்த கைகள்

அடித்து முடித்த பிறகுதான், அடித்தது தன் கை என்பது பயிற்சி அக்காவுக்கு உறைத்தது.

சிட்டுவின் அம்மா சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. அடி வாங்கிப் பழகியவர்கள் அப்படித்தான். வலி எங்கே என்று தேடமாட்டார்கள், அடுத்தது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றுதான் பார்ப்பார்கள். காலையிலேயே கிழிந்து தடித்துப் போயிருந்த அவளுடைய கீழுதட்டில் இப்போது மறுபடியும் ரத்தம் துளிர்த்தது.

"நீங்களுமாக்கா" என்றாள், கோபமே இல்லாமல். "இந்த வீட்டுக்கு வந்து போறவங்கள்ல என்னை அடிக்காத ஆள் நீங்க ஒருத்தர்தான் பாக்கி. அதுவும் முடிஞ்சுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் பயிற்சி அக்காவின் கை கூசிச் சுருங்கியது. ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போய், விறைத்துப்போன குழந்தைகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட கை அது. முறுக்கிக்கொண்ட முழங்காலை வலிக்காமல் மடக்கத் தெரிந்த கை. "உங்க கை பூ மாதிரிக்கா" என்று இதே பெண் ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் சற்று முன்பு அவள் கண்ட காட்சி அப்படி. வழக்கம்போலப் பின்கட்டு வழியாக உள்ளே வந்தவளுக்கு, சாமான்கள் போட்டு வைக்கும் அறைக்குள்ளிருந்து மரம் தரையில் மோதும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், சிட்டு நாற்காலியில் சுவரைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தாள். அந்த நாற்காலி பயிற்சி அக்கா அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தது. நெஞ்சுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை. குழந்தை சரிந்து விழாமல் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேர் முகத்தைப் பார்க்கட்டும் என்பதற்காகப் போட்ட பட்டைகள். "தளர்வா விட்டுடாதீங்க, இறுக்கிப் போடுங்க" என்று சொல்லிக் கொடுத்தவளும் அவளேதான். இப்போது அவை அவ்வளவு இறுக்கமாக இருந்தன. சிட்டுவின் வாய்க்குள் துணியைத் திணித்து, அதன் மேல் இன்னொரு துணியால் கட்டியிருந்தார்கள். ஒழுகிய மூக்கு வழியாக அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. துணியைப் பிடுங்கி எடுத்தபோது கன்னத்துக்குள் ஒட்டியிருந்த பிஸ்கட் துண்டும் கூடவே வந்தது. இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் அது தொண்டைக்குள் இறங்கியிருக்கும், எல்லாம் முடிந்திருக்கும்.

பட்டைகளைத் தளர்த்திவிட்டு, நேரே சமையலறைக்கு வந்து அறைந்தாள்.

"ஏன் அடைச்சே?" என்று இப்போதுதான் கேட்டாள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சிட்டுவின் அம்மா டீத்தூள் டப்பாவைத் திறந்தபடியே சொன்னாள். பெரிய மகளைப் பெண் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நல்ல இடமாம். வருகிறவர்களிடம் ஒரே ஒரு பெண் என்றுதான் சொல்லியிருக்கிறது. காலையில் இவள் வாயைத் திறந்து, சின்னவளையும் காட்டிவிடலாமே, பிறகு தெரிந்தால் அசிங்கம்தானே என்று கேட்டுவிட்டாள். அதற்குக் கணவர் கொடுத்ததுதான் இந்த உதடு.

"இன்னிக்கு இவ சத்தம் ஒண்ணு வெளிய கேட்டா, பொழுது சாயறதுக்குள்ள ஹோம்ல தள்ளிட்டு வந்துடுவேன்னு சொல்லிட்டாருக்கா. கேக்கலேன்னா பேசாம வீட்லயே கிடக்கட்டும்னார். நான் என்ன பண்ணட்டும்? அவளை அனுப்பாம வச்சுக்கத்தான் வாயை அடைச்சேன்."

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும், ஊருக்கு வெளியே இருக்கும் அந்த ஹோமுக்குப் பயிற்சி அக்கா ஒருமுறை போயிருக்கிறாள், அங்குள்ளவர்களுக்குப் பயிற்சி சொல்லித்தர. கூடத்துத் தரையில் பிள்ளைகள் நெடுகக் கிடந்தார்கள். குளிப்பாட்டுவதென்றால், வரிசையாகக் கிடத்தி ரப்பர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுவது. ஒரு பையனின் இடுப்பில் படுக்கைப் புண் எலும்புவரை போயிருந்தது. அவளுடைய பிள்ளைகளில் அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. விசாரித்தால், காய்ச்சல் வந்தது என்பார்கள்.

இந்தப் பெண்ணையா அடித்தோம் என்ற நினைப்பு மேலும் கீழுமாகப் புரண்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவள் அதை எங்கே வைப்பாள்? அவள் வாங்கிய அடிகளுக்கு யாரும் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை.

பயிற்சி அக்காவுக்கு இந்த ஊரில் பல தொழில்கள். இந்தத் தெருவைப் பொறுத்தவரை அவள் தையல்காரி. சிட்டுவின் வீட்டுக்கு ஜாக்கெட் அளவெடுக்க வருகிறவள். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் சமையல்காரி. இன்னொரு வீட்டில் தூரத்துச் சொந்தம். எந்த வீட்டுக்காரர்களும் அவளை இன்னாரென்று வெளியே சொன்னதில்லை. அவள் ஒரு வீட்டுப் படியேறினால், அந்த வீட்டில் அப்படியொரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். அதனால் கடைத்தெருவில் எதிரே வந்தால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அவள் வேலையின் முதல் சட்டம். அதை மீறினால் கதவுகள் சாத்திக்கொள்ளும். கதவு சாத்தினால் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கையும் காலும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே அவள் ஊமையானாள். ஊரே ஒளித்து வைத்திருக்கும் பிள்ளைகளையெல்லாம் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் சில நாள் அவளுக்குத் தோன்றும்.

மரக்கடை வீட்டில் அவள், கடைக்காரரின் மனைவிக்கு முதுகு பிடித்துவிட வருகிறவள். அங்கே மாடியில் இருக்கும் இளைய மகன் சின்னப் பிள்ளையில்லை, வளர்ந்த ஆள். தோளும் கையும் மல்லன் மாதிரி; புத்தி மட்டும் இரண்டு வயதில் நின்றுபோனது. பயந்துவிட்டால் கையில் அகப்பட்டதை முறித்துவிடுவான். பார்த்துக்கொள்ள வைத்த கடைசிப் பெண் தோள்பட்டை எலும்பு உடைந்து போனாள். அவனை அடக்குவதற்கு வீட்டார் வைத்திருக்கும் மருந்து, மரம் அளக்கும் நீளமான மரச்சட்டம். அண்ணன்காரன் அதை ஓங்கினால் அவன் மூலையில் போய் ஒண்டிக்கொள்வான். அவன் முதுகில் அந்தச் சட்டத்தின் வரிகளை அவள் தடவிப் பார்த்திருக்கிறாள். போன வாரம்கூட அந்த அம்மா, ஆளே நிற்கமாட்டேன் என்கிறது, எனக்கோ வயதாகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெருவில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. வாடகை நாற்காலிகளோடு சிட்டுவின் அப்பா, பட்டறைக்காரர் உள்ளே வந்தார். இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருப்பவர். நகத்துக்குள் எப்போதும் இருக்கும் எண்ணெய்க் கறுப்பை இன்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். சட்டையில் மடிப்பு கலையவில்லை. பயிற்சி அக்காவைப் பார்த்ததும் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் அவர் குரலை உயர்த்தாத வேளைதான் எல்லாரும் பயப்படும் வேளை.

"இவங்களை யாரு இன்னிக்கு வரச்சொன்னது?"

"நான் வழக்கமா வர்ற நாள்தானுங்க இது" என்றாள் பயிற்சி அக்கா.

அவர் மனைவியின் மேல்கையைப் பிடித்து, சதையைத் திருகினார். ரவிக்கைக் கைக்குள் மறைந்திருக்கும் இடம் அது. வருகிறவர்கள் கண்ணில் படாது. திருகிக்கொண்டே, உதட்டில் எதையாவது பூசி மறைத்துக்கொள்ளச் சொன்னார். காலையில் முகத்தில் பட்டுவிட்டதே என்று தன்மேலேயே சலித்துக்கொண்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது; யாரும் அதை இறக்கவில்லை.

"விடுங்க" என்றாள் பயிற்சி அக்கா. "அவளை விடுங்க. நான் உள்ள சிட்டுகூட உக்காந்துக்கறேன். துணியெல்லாம் அடைக்க வேணாம். செத்துப்போயிடுவா."

"கத்தினா?"

"கத்தமாட்டா. நான் பாத்துக்கறேன்."

"கத்தினா நீதான் பதில் சொல்லணும். இவளும் சேர்ந்து சொல்லணும்." அவர் மனைவியைச் சுட்டிக்காட்டினார், கடையில் ஒரு சாமானைக் காட்டுவதுபோல. பிறகு பயிற்சி அக்காவின் தோளைப் பிடித்து அறைக்குள் தள்ளினார். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

அறைக்குள் எண்ணெய் டின்களும் கழற்றிப் போட்ட மோட்டார்களும் ஒரு பழைய மெத்தையும் கிடந்தன. உயரத்தில் ஒரு துவாரம் வழியாக வெளிச்சம் விழுந்தது. சிட்டுவைப் பட்டைகளிலிருந்து விடுவித்து, இடுப்பை மடித்து, முழங்கால்களைச் சேர்த்து, பந்துபோலச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த உடம்பை அப்படித்தான் தூக்கவேண்டும். நீட்டிப் பிடித்தால் வில்லாக வளைந்து விறைத்துக்கொள்ளும், ஆறாள் பலம் வந்துவிடும். மடித்துப் பிடித்தால் இளகிவிடும். சிட்டு இளகினாள். துணி அழுத்திய வாயோரம் சிவந்து வெடித்திருந்தது. பயிற்சி அக்காவின் மூக்குத்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவளை அடையாளம் கண்டு முகம் முழுக்க மலர்ந்தாள். கட்டிப்போட்டவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. யார் கதவைத் திறந்தாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். அதுதான் பார்க்கிறவர்களின் நெஞ்சைப் பிடுங்கும்.

முன்னறையில் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன. பட்டறைக்காரரின் குரல் தேனாக ஒழுகியது. வெயிலைப் பற்றி, சாலையைப் பற்றி, வியாபாரத்தைப் பற்றி யாரோ பேசினார்கள். பிறகு டீத் தட்டின் கிலுகிலுப்பு. பெரியவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

சிட்டுவின் உடம்பு முழுக்க விழித்துக்கொண்டது. அக்காவின் குரல். அவளை எடுத்துக் குளிப்பாட்டுகிற, ஊட்டுகிற, இரவில் பக்கத்தில் படுத்துக் கதை சொல்கிற குரல். அதைக் கேட்டால் பதில் குரல் கொடுப்பது சிட்டுவுக்கு மூச்சு விடுவது மாதிரி. அவள் வாய் திறந்தது.

பயிற்சி அக்காவின் உள்ளங்கை அந்த வாயை மூடியது.

குழந்தைக்கு முதலில் அது விளையாட்டு என்று தோன்றியது. கைக்குள்ளேயே சிரித்தது. பிறகு இல்லை என்று புரிந்தது. தலையை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டது. பயிற்சி அக்கா இன்னும் அழுத்தினாள். சிட்டு கடித்தாள், பற்கள் உள்ளங்கைச் சதையில் இறங்கின. கையை எடுக்காமல் வலியை விழுங்கிக்கொண்டே, துணிக்கும் இந்தக் கைக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். துணிக்கு இரக்கமில்லை. தனக்கு இரக்கம் இருக்கிறது. இருப்பதை நினைத்து ஆறுதலடைந்துகொண்டே அழுத்துகிறோம். இத்தனை வருடமாக இந்த ஊரில் செய்தது எல்லாமே இதுதானோ? வாய்களை இதமாக மூடுவது?

தாழ்ப்பாள் விலகியது.

கதவைத் திறந்தது பட்டறைக்காரரும் இல்லை, சிட்டுவின் அம்மாவும் இல்லை. கை கழுவும் இடத்தைத் தேடிப் பின்கட்டுக்கு வந்த, கரைபோட்ட பட்டுப்புடவைக்காரி. மாப்பிள்ளையின் தாய். வெளிச்சம் அவள் பின்னாலிருந்து வந்ததால் முகம் தெரியச் சற்று நேரமாயிற்று. தெரிந்ததும் பயிற்சி அக்காவின் கை தானாகத் தளர்ந்தது.

மரக்கடை வீட்டு அம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் இங்கே இருந்தால் இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் இங்கே பெண் கேட்டு வந்தால் அவள் வீட்டு மாடியைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது என்று இவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கிறவள் இரண்டு வீட்டையும் சேர்த்துக் கவிழ்க்கவேண்டும்.

மரக்கடை அம்மா உள்ளே வந்து கதவை ஒருக்களித்தாள். குனிந்து, சிட்டுவின் தாடையை விரலால் தாங்கி, தன் கைக்குட்டையால் எச்சிலைத் துடைத்தாள். பழகிய கை. துடைத்து முடித்துக் கன்னத்தில் ஒரு தட்டும் தட்டினாள்.

"இதையெல்லாம் யாரு பாத்துக்கறா?" என்று கிசுகிசுத்தாள். "அந்தம்மாவா?"

அந்தக் கைக்குட்டையில் பயிற்சி அக்கா ஏமாந்துபோனாள். பெற்றவள் இவளும், இவளுக்குப் புரியும், சிட்டுவை இவள் ஏற்றுக்கொள்வாள் என்று மனம் தாவிவிட்டது. அதோடு, தான் கற்றுக்கொடுத்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வாய்த்ததில் ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது.

"பெரியவதாம்மா எல்லாம். குளிப்பாட்டுறது, ஊட்டுறது, தூக்குறது எல்லாம் அவதான். என்னைவிட நல்லாத் தூக்குவா. இவ கையால காலால எவ்வளவு அடிச்சாலும் முகம் சுளிக்கமாட்டா. அந்தப் பொண்ணுக்குக் கையில அவ்வளவு பொறுமை."

மரக்கடை அம்மா சிட்டுவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒருக்களித்த கதவின் இடுக்கு வழியாக முன்னறையைப் பார்த்தாள். தட்டோடு குனிந்து நிற்கும் பெரியவளை. அந்தப் பார்வையைப் பயிற்சி அக்கா சந்தையில் பார்த்திருக்கிறாள். மாட்டின் தோளைத் தட்டிப் பார்க்கிறவர்களின் கண்ணில்.

"நான் எதையும் பாக்கலை" என்றாள் அந்த அம்மா. "நீங்களும் என்னைப் பாக்கலை." தாழ்ப்பாளைப் போடாமலே, வேகமாக முன்னறைக்குப் போனாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் குரல் கேட்டது. பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறதாம். சுற்றி வளைத்துப் பேச என்ன இருக்கிறது, சீக்கிரமாகவே வைத்துக்கொள்ளலாமாம். வேலைக்கெல்லாம் அனுப்பவேண்டாம், வீட்டோடு இருந்தால் போதுமாம். "எங்க வீட்டுக்கு ஒரு பொறுமையான பொண்ணுதான் வேணும்" என்று அவள் சொன்னபோது, பட்டறைக்காரர் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அறைக்குள் பயிற்சி அக்கா அந்தச் சொல்லைக் கேட்டாள். பொறுமை. தன் வாயிலிருந்து போன சொல். தானே எடை போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்த மாடிப்படி கண்ணுக்குள் வந்தது. வெளியே பூட்டு, உள்ளே பயந்துபோன மல்லன், மூலையில் சாத்தி வைத்த சட்டம். முறிந்த தோள்பட்டையோடு போனவளுக்குப் போக்கிடம் இருந்தது. சம்பளத்துக்கு வந்தவள், வேண்டாமென்று போனாள். மருமகள் எங்கே போவாள்? இவர்கள் மறைத்தார்கள், அவர்களும் மறைத்தார்கள், யாரும் யாரையும் கேட்கமுடியாது. கணவனாகப்போகும் அந்த அண்ணன்காரன் கையில் சட்டம் இருக்கிறது. அது யார் முதுகில் விழவேண்டும் என்று பிறகு அவன் முடிவு செய்வான்.

பேசாமல் இருந்தால் சிட்டு வீட்டில் இருப்பாள். பேசினால் பொழுது சாய்வதற்குள் ஹோம். ஆனால் சிட்டுவின் வாயை மூடி வைத்தால் பெரியவள் அந்த மாடிக்குப் போகிறாள்.

சிட்டுவின் வாயிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் பல் தடம் ரத்தமாக இருந்தது. சிட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, அக்காவைக் கூப்பிடும் குரலை எடுத்தாள். நீண்ட, உடைந்த, வீடெல்லாம் நிறையும் குரல்.

முன்னறையில் பேச்சு அறுந்தது. பயிற்சி அக்கா கதவைத் தோளால் தள்ளித் திறந்து, சிட்டுவை மடித்து நெஞ்சோடு அணைத்தபடி நடந்து போய், அத்தனை பேர் நடுவிலும் நின்றாள்.

"இவ இந்த வீட்டுச் சின்னப் பொண்ணு" என்றாள். மரக்கடை அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இவளை இவங்க சொல்லலை. உங்க மாடியில இருக்கிற பையனை நீங்களும் சொல்லலை. சொல்லாம இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகாதீங்க."

முதல் அடி பட்டறைக்காரருடையது. முஷ்டி காதோரம் விழுந்தது. பயிற்சி அக்காவுக்குக் கண்ணில் வெள்ளை பறந்தது. விழும்போது உடம்பைத் திருப்பிக்கொண்டாள், சிட்டு மேலே, தான் கீழே. முழங்கை தரையில் உடையும்படி மோதியது. அடுத்து இடுப்பில் ஒரு உதை. நடுவில் வந்து விழுந்த மனைவியின் தலைமுடியைப் பிடித்து அவர் சுவரில் மோதினார். டீ கோப்பைகள் உருண்டன. வந்தவர்களில் ஒருவர் "அட, விடுங்க, விடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"இவ யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள் மரக்கடை அம்மா. "பைத்தியக்காரி. எங்க வீட்ல மாடியே கிடையாது."

பெரியவள் தட்டைக் கீழே வைத்தாள். யாரையும் பார்க்காமல் குனிந்து, தரையில் வில்லாக வளைந்து கிடந்த தங்கையின் இடுப்புக்கடியில் ஒரு கை, கழுத்துக்கடியில் ஒரு கை கொடுத்து, மடித்து, ஒரே மூச்சில் தூக்கித் தோளில் போட்டாள். சிட்டுவின் அழுகை அப்படியே அடங்கியது. மரக்கடை அம்மா அதைப் பார்த்தாள். மறுக்கும் வாயோடு, பசித்த கண்ணோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

பெரியவள் மாப்பிள்ளையிடம் திரும்பினாள். அதுவரை அவன் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"உங்க தம்பிக்கு என்ன வயசு?" என்று சாதாரணமாகக் கேட்டாள், பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல.

"இருபத்தி நாலு" என்றான் அவன். சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

மரக்கடை அம்மா எழுந்து மகனின் கன்னத்தில் பளீரென்று அறைந்தாள். பிறகு வாசல்வரை விறுவிறுவென்று போனவள், அங்கே நின்று திரும்பினாள். பெற்ற மகன், கட்டப்போகிறவள், தரையில் கிடந்தவள், எல்லாரையும் ஒன்றாகத் திட்டுவதுபோலக் கத்தினாள். "எனக்கப்புறம் அவனை யாருடி பாத்துப்பா? சொல்லுங்களேன். எவ வருவா?" அவள் அழுதுகொண்டே படியிறங்கினாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள்.

பட்டறைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சட்டை மடிப்பு இப்போது கலைந்திருந்தது. விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து மனைவியின் மேல் வீசினார். அது அவள் முதுகில் பட்டுத் தெறித்தது. அவள் சத்தம் போடவில்லை. அது அவரை இன்னும் கிளப்பியது. "சொன்னேன்ல?" என்றார். "சொன்னதைச் செய்யாம விட்டவனா நான்?" பெரியவளின் கையிலிருந்து சிட்டுவைப் பிடுங்கினார்.

பிடுங்கிய பிறகுதான், பெற்ற நாளிலிருந்து அவர் அவளைத் தூக்கியதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கழுத்து பின்னால் தொங்கியது. கால்கள் இரண்டும் கத்திரிபோலப் பின்னிக்கொண்டு நீண்டன. உடம்பு விறைத்து வளைந்து அவர் நெஞ்சை உதைத்துத் தள்ளியது. இறுக்கிப் பிடித்தார், அது இன்னும் விறைத்தது. லேத்தில் இரும்பை அடக்குகிற கைகள் அந்த எலும்பும் தோலுமான உடம்பிடம் திணறின. தள்ளாடிக்கொண்டு வாசலுக்குப் போனார். வேன் தெருவின் மறுபக்கத்தில் நின்றது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எல்லாம் வெளியே வந்து நின்றிருந்தார்கள்.

வாசற்படியில் அவர் கால் நின்றுவிட்டது. இவளை ஒழிக்கவேண்டுமென்றால் இத்தனை பேர் முன்னால் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இத்தனை வருடம் அடித்து அடித்து மறைத்தது இப்போது அவர் கையிலேயே இருந்தது.

எதிர்வீட்டுக்காரி ஒரு அடி முன்னால் வந்தாள். "யாரோட பிள்ளைங்க அது?" என்று கேட்டாள். "சாடை அப்படியே உங்க சாடையா இருக்கே."

அவர் உள்ளே திரும்பினார். நெற்றி வேர்த்துக் கொட்டியது. சிட்டு நழுவிக்கொண்டிருந்தாள்.

"வந்து பிடிங்கடி எவளாவது."

பெரியவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தங்கையின் தலை தொங்குவதைப் பார்க்கமுடியாமல் கண்களில் நீர் கொட்டியது. ஆனாலும் கையை அவிழ்க்கவில்லை. "ஹோமுக்குன்னா நான் தூக்கமாட்டேன்ப்பா" என்றாள். பயிற்சி அக்கா தரையில் ஊர்ந்து அவர் காலடிக்கு வந்து, சிட்டு விழுந்தால் ஏந்திக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்து உட்கார்ந்தாள். மேலே கை கொடுக்கவில்லை. உடைந்த முழங்கை துடிதுடித்தது.

"உன்னைத்தான்டி" என்று அவர் மனைவியைப் பார்த்துக் கத்தினார். "பிடி. விழப்போறா."

சிட்டுவின் அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். அவர் பக்கம் வரவில்லை. விருந்தாளிகளுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை நிமிர்த்தி, வாசலைப் பார்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள். வாயிலிருந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இடுப்பை மடிச்சுப் பிடிங்க, விழமாட்டா" என்றாள். "இத்தனை வருஷமா நான் வச்சிருந்தேன். கொஞ்ச நேரம் நீங்க வச்சிருங்க."

அவர் படியிலேயே நின்றார், மகளைக் கீழே போடவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.